முருகேசனுக்குச் சோறும் மீனும்

பெரார்கஞ்ச் என்னும் தீவுக் கிராமத்தில் பஸ் பழுதாகி நிற்கிறது. மழைக்கு டீக்கடையில் ஒதுங்கி, எகிப்தியக் கல்லறைகளைப் பற்றிய புத்தகத்தைப் பிரிக்கிறேன். டீ கொண்டுவரும் கடைக்கார அம்மா அதிலுள்ள கல்வெட்டுப் படத்தை எட்டிப் பார்க்கிறார்.

"கல்லுல என்ன எழுதியிருக்கு சார்?"

"இந்த வழியாப் போறவங்களே, என் பேரைச் சொல்லி, இவனுக்கு ரொட்டி கிடைக்கட்டும்னு சொல்லுங்க, உங்களுக்கு மூச்சு மட்டும்தான் செலவுன்னு எழுதியிருக்கும்மா. வாயால சொன்னாலே செத்தவருக்குப் போய்ச் சேரும்னு நம்பினாங்க."

அவர் எதிரே உட்கார்ந்துவிடுகிறார்.

"எங்க வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போனவரு. போட் கிடைச்சுது, பாடி கிடைக்கல. ஒரு கல்லுகூட நட முடியல. பேரு முருகேசன். ஒரு தடவை சொல்றீங்களா சார்?"

"முருகேசனுக்குச் சோறும் மீன் குழம்பும் கிடைக்கட்டும்" என்கிறேன்.

"டீயும் சொல்லுங்க. அது இல்லாம இருக்க மாட்டாரு."

அதையும் சொல்கிறேன். பக்கத்து பெஞ்சில் இருக்கும் வங்காளி டிரைவர், "க்யா ஹுவா, தீதி?" என்று விஷயம் கேட்கிறார். அந்த அம்மா இந்தியில் விளக்குகிறார். டிரைவர் கிளாஸைக் கீழே வைத்து எழுந்து நின்று, முருகேசன் பெயரைச் சொல்லித் தன் மொழியில் சோறும் மீனும் வேண்டுகிறார்.

அந்த அம்மா எங்கள் இருவரையும் பார்த்துக் கைகூப்புகிறார். கண் நிறைந்திருக்கிறது.

"அவர் பேரை அடுத்தவங்க வாயில கேட்டு எத்தனை வருஷமாச்சு சார்!"