வேறு அட்டையில் வந்த அதே மருந்து

முதலில் கண்கள்தான் எரிந்தன. பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். விளக்கு வெளிச்சம் ஊசியாய்க் குத்தியது. சிறுநீர்த் தொற்றுக்காகச் சில நாட்களாய் மாத்திரை சாப்பிட்டுவந்தேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை. அன்று மாலை மாத்திரையையும் விழுங்கினேன்.

மறுநாள் வாய் முழுக்கப் புண். மார்பில் கருஞ்சிவப்புத் திட்டுகள். பெரிய மருத்துவமனையில் சேர்த்தபோது முதுகுத் தோல் விரிப்போடு உரிந்து வந்தது. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் (மருந்து ஒவ்வாமல் தோலும் வாய், கண் சவ்வுகளும் வெந்து உரிவது) என்றார்கள்.

பிழைத்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது தோல் மருத்துவர், ஆட்டோ ஓட்டும் என் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“இது சல்ஃபா மருந்தால வந்ததும்மா. திரும்ப உள்ள போனா இதைவிட மோசமாகும். பல பேர்ல விப்பாங்க. அட்டையில பெருசா இருக்கிற பேரை நம்பாதீங்க. கீழ சின்ன எழுத்தைப் படிங்க. எந்த டாக்டரா இருந்தாலும் முதல்ல இதைச் சொல்லுங்க.”

அவர் எழுதிக்கொடுத்த அந்த மருந்தின் முழுப் பெயரை என் கணவர் நாக்குத் தடுக்கித் தடுக்கிச் சொல்லிப் பழகினார்.

சில மாதம் கழித்து, தென்னேரியில் நாத்தனார் வீட்டில் எனக்கு வயிற்றுப்போக்கு. எழ முடியவில்லை. என் கணவர் ஓடிப்போய் மாத்திரை வாங்கிவந்து என் கையில் ஒன்றை வைத்தார்.

“பேரைப் படிச்சீங்களா?”

“இது வேற கம்பெனிமா. அது மஞ்ச அட்டை, இது நீலம்.”

“சின்ன எழுத்தைப் படிங்க.”

வாசல் வெளிச்சத்தில் அட்டையைச் சாய்த்துப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. பாய்ந்து வந்து என் கையிலிருந்ததைத் தட்டிவிட்டார்.

“அதேதான்மா. அந்தப் பேருதான் போட்டுக்கினு இருக்குது.”

தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், எனக்குக் கண்ணீர் வரவில்லை. அந்த நோய் கண்ணீர்ச் சுரப்பைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது.

பிறகு டாக்டரிடம் போனோம். நான் வாய் திறக்குமுன் என் கணவரே சொன்னார்: “சார், இவங்களுக்கு சல்ஃபா ஆகாது.”

உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால், மாத்திரை வாங்கிவந்தவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பதற்றத்தில் யாருக்கும் மறக்கும். அந்தப் பெயரை வீட்டில் எல்லோரும் சொல்லப் பழகட்டும். நம்மால் பேச முடியாத நேரமும் வரலாம்.

தோல் வளர்ந்துவிட்டது. முன்பெல்லாம் மாத்திரையை விழுங்கியதும் மறந்துவிடுவேன். இப்போது விழுங்கிய பிறகு அந்த நாள் முழுக்க, காய்ச்சல் விட்டுத் தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல் என் உடம்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.