கூரையில் வெந்த பாஸ்மதி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை என் வீட்டில் பிரியாணி வாசனை வந்தது.
2. நான் பிரியாணி செய்திருக்கவில்லை.
3. கீழ்வீட்டு ஓனர் ஆன்ட்டி அதை நம்பவில்லை.
4. அவருடைய கணவர் அதை நம்ப விரும்பவில்லை.
5. ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சோதனை போட்டபோது, பிரியாணி கூரையிலிருந்து நான்கு காலில் இறங்கி வந்தது.

முதல் நான்கும் மல்லேஸ்வரத்தில் வாடகைக்கு இருக்கும் யாருக்கும் நடக்கக்கூடியவைதான். ஐந்தாவதற்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது.

வீடு என்பது மாடிப் போர்ஷன். ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு பால்கனி, மேலே மங்களூர் ஓடு. ஓடு கண்ணில் படாமலிருக்க யாரோ ஒரு காலத்தில் அதன் கீழே பிளைவுட் பலகைகளை வரிசையாக அடித்து வெள்ளையும் பூசியிருந்தார்கள். சமையலறை ஜன்னலை உரசிக்கொண்டு ஒரு சப்போட்டா மரம். இதற்கு முன்னால் நான் பெங்களூரில் இருந்ததெல்லாம் பிஜி எனப்படும் பேயிங் கெஸ்ட் விடுதிகளில். அங்கே பக்கெட்டில்கூடப் பெயின்டால் பெயர் எழுதிவைக்க வேண்டும். எழுதினாலும் குளிக்கப் போகும்போது பக்கெட் இருக்காது. இந்த வீட்டில் நான் கதவைச் சாத்திவிட்டுப் போனால், திரும்பி வரும்வரை அது சாத்தியபடியே இருந்தது. அந்த ஒரு சுகத்துக்காக நான் எதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தேன்.

ஆன்ட்டி கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குள் அசைவம் சமைக்கக் கூடாது. சரி என்றேன். வேண்டும்போது வெளியில் சாப்பிட்டுக்கொண்டேன். வீட்டில் ஒரு முட்டைகூட உடைத்ததில்லை. ஆனால் குடிவந்த அன்றே சொந்த ஊர் எது என்று கேட்டுவிட்டார். ஆம்பூர் என்றேன். அந்த ஊர்ப்பெயரைக் கேட்டதும் எல்லார் வாயிலும் வரும் அடுத்த சொல் ஆன்ட்டியின் வாய்வரை வந்து, உதட்டில் நின்று, திரும்பிப் போனதைப் பார்த்தேன். சாவியைக் கொஞ்சம் யோசித்துத்தான் நீட்டினார்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் அந்த வாசனை வந்தது. சுமாரான வாசனை இல்லை. நல்ல நீள அரிசி முக்கால் பதத்தில் வெந்து, மூடியைத் திறக்கும்போது வருமே, அது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரம்பித்து மெதுவாக வீடு முழுக்கப் பரவியது. நான் அப்போது தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தயிர்சாதத்தின் மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்று போயிற்று.

ஆன்ட்டி சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு மாடிக்கு வந்தார். அவருக்கு வீட்டில் கன்னடம், மார்க்கெட்டில் தமிழ், என்னிடம் இரண்டும். கோபமாக எதுவும் சொல்லவில்லை. சும்மா பார்க்க வந்தேன் என்றார். பார்த்தார். முகர்ந்தார். நான் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆம்பூரில் பிறந்தவர்களால் அது முடியாது.

"ஆன்ட்டி, இது பாஸ்மதி வாசனை," என்றேன். "எங்க ஊர்ல சீரகச் சம்பாலதான் பண்ணுவோம். பாஸ்மதில பண்ணா அதை பிரியாணின்னே ஒத்துக்க மாட்டோம்."

ஆன்ட்டி தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தார். "இஷ்டெல்லா கொத்தா நினகெ?" என்றார். இவ்வளவு தெரியுமா உனக்கு என்று அர்த்தம். பிறகு தமிழுக்கு வந்தார். "நோடும்மா, இங்க பாரு, நான் ஒண்ணும் தப்பா நினைக்கலை. மாசக் கடைசில அக்ரிமென்ட் முடியுது இல்ல? யோசிக்கணும்."

யோசிக்கணும் என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னால் யோசித்துவிட்டார் என்று பொருள். எனக்கு அந்த நிமிடமே பிஜியின் பக்கெட் கண்முன் வந்தது.

அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் மறுபடி ஒரு முறை சொல்லச் சொன்னாள். வீடு போகப்போகிறதே என்று கலங்குகிறாள் என நினைத்தேன். "பாஸ்மதியா?" என்றாள் கடைசியில். "நம்மளப் போய் பாஸ்மதி போட்டவங்கன்னு சொல்லிட்டாளா அந்தம்மா?"

நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருப்பவள். ஒரு கோளாறு வந்தால் அதைத் திரும்ப வரவழைக்க வேண்டும், பிறகு காரணங்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். அதன்படி மறுநாள் அடுப்பே பற்றவைக்கவில்லை. வாசனை வந்தது. அரிசி டப்பாவைப் பால்கனியில் வைத்தேன். வாசனை வந்தது. குக்கரைத் தேய்த்துக் கவிழ்த்து, வாசல் கதவுக்கடியில் துண்டைச் சுருட்டிவைத்து, தெருவிலிருந்து வரும் வழியையும் அடைத்தேன். முன்னைவிட நன்றாக வந்தது. அறையில் எங்கே அதிகம் என்று முகர்ந்துகொண்டே நடந்தேன். கட்டில்மேல் ஏறி நின்றால் அதிகமாக இருந்தது. சூடான காற்று மேலே போகும் என்று பள்ளியில் படித்திருந்ததால் அதை அத்தோடு விட்டுவிட்டேன். கூரையில் அவ்வப்போது கேட்ட சத்தத்தை எலிக் கணக்கிலும், பால்கனியில் கிடந்த சப்போட்டாக் கொட்டைகளை அணில் கணக்கிலும் ஏற்கெனவே எழுதியிருந்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு சோதனை செய்பவள் நான் என்பதை இங்கே மறுபடியும் சொல்ல விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை ஆன்ட்டி கோவிலுக்குப் போயிருந்த நேரம் அங்கிள் மாடிக்கு வந்தார். ஓய்வுபெற்றவர், அதிகம் பேசாதவர். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். தொட்டி இருக்கும் பக்கம் போகவே இல்லை. என் வாசலில் நின்று, கண்ணை லேசாக மூடி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். பிறகு ஒரு காலி டிபன் டப்பாவைச் சட்டைக்கு அடியிலிருந்து எடுத்தார்.

"கொஞ்சம் போதும் மா," என்றார். "பீஸ் இல்லேன்னாலும் பரவாயில்ல. ரைஸ் மட்டும்."

என்னிடம் பிரியாணி இல்லை, எப்போதுமே இருந்ததில்லை என்று அவருக்கு விளக்கினேன். குக்கரைத் திறந்து காட்டினேன். அவர் குக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்தபிறகு எழுப்பிவிடப்பட்டவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. "என்மேல நம்பிக்கை இல்லேன்னா பரவாயில்ல மா," என்று சொல்லிவிட்டு டப்பாவை மறுபடி சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு இருந்திருக்கக்கூடிய ஒரே சாட்சியும் அந்தப் படிகளில் இறங்கிப் போயிற்று.

ஞாயிறு மதியத்துக்குள் நானே முடிவுக்கு வந்திருந்தேன். கீழே போய், வீட்டை முழுக்கச் சோதனை செய்யுங்கள் ஆன்ட்டி, எதுவும் கிடைக்காவிட்டால் அக்ரிமென்ட்டைப் புதுப்பித்துக் கொடுங்கள் என்றேன். ஆன்ட்டி சங்கடப்பட்டார். அதெல்லாம் எதற்கம்மா என்றார். சொல்லிக்கொண்டே செருப்பைப் போட்டுக்கொண்டார். அங்கிள் ஒட்டடைக்குச்சியோடு பின்னால் வந்தார். அதை எதற்கு எடுத்துவந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

ஃபிரிட்ஜில் அரை எலுமிச்சை, தயிர், கொத்தமல்லிக்கட்டு. மேடைமேல் பொங்குவதற்காக வைத்திருந்த இட்லிமாவு. அலமாரியில் துணி. ஆன்ட்டி குக்கருக்குள் தலையைவிட்டு முகர்ந்தார். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். நிமிரும்போது அவர் மூக்கு மேலே போயிற்று. கண்ணும் மேலே போயிற்று.

"மேலேர்ந்து வருது," என்றார்.

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். ஆன்ட்டியின் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். ஆம்பூர்க்காரி ஒருத்தி ஒரு பெரிய தேக்சாப் பாத்திரம் நிறைய பிரியாணியைப் பலகைக்கு மேலே ஒளித்துவைத்திருக்கிறாள். அங்கிளின் மனதிலும் அதே தேக்சாதான் ஓடியது. ஆனால் அவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது. ஸ்டூல்மேல் ஏறி ஒட்டடைக்குச்சியால் ஒரு பலகையைக் குத்தினார். அது லேசாக அசைந்தது.

"மெத்துமெத்துன்னு இருக்கு," என்றார் நம்பிக்கையோடு. இன்னொரு குத்து விட்டார்.

பலகை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. தூசி, காய்ந்த இலை, நிறைய சப்போட்டாக் கொட்டை, அவற்றின் பின்னால் சாம்பல் நிறத்தில் நீண்ட வால் கொண்ட ஏதோ ஒன்று, எல்லாம் சேர்ந்து என் கட்டில்மேல் கொட்டின. கூடவே வாசனை, தம் உடைத்தது மாதிரி, ஒரே அடியாக. அந்த ஏதோ ஒன்று எழுந்து நின்று, பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தது. பூனையைப் பிடித்து நீளமாக இழுத்து, கீரியின் மூஞ்சியை ஒட்டவைத்தது போல் இருந்தது. நல்ல தூக்கத்தில் எழுப்பப்பட்ட முகம்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பிரச்சினை எதுவென்று தெரியாவிட்டாலும் முதலில் அது பரவாமல் அடைத்துவிட வேண்டும். நான் பதறவில்லை. வாசல் கதவைத் தாழிட்டேன், பால்கனிக் கதவைச் சாத்தினேன், அறை ஜன்னலை இழுத்து மூடினேன். திருப்தியோடு திரும்பிப் பார்த்தேன். இப்போது நாங்கள் நான்கு பேரும் உள்ளே இருந்தோம்.

"எங்களையும் சேத்து அடைச்சிட்டியே மா," என்றார் ஆன்ட்டி. அதற்குள் அவர் என் ஆபீஸ் நாற்காலிமேல் ஏறியிருந்தார். அது சக்கரம் வைத்த நாற்காலி.

அடுத்து நடந்ததை வரிசைப்படுத்த முடியாது, எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. அது திரைச்சீலையில் ஏறியது. திரைச்சீலை கம்பியோடு இறங்கியது. அங்கிள் ஸ்டூலிலிருந்து ஒட்டடைக்குச்சியை வாள் மாதிரி சுழற்ற, குச்சி ஆன்ட்டியின் நாற்காலியைத் தொட, நாற்காலி மெதுவாக, மிகக் கண்ணியமாக, அறையின் குறுக்கே உருண்டுபோனது. ஆன்ட்டி தேர்மேல் நிற்பவர் போல நின்றபடி "ரீ, ரீ" என்று கணவரைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். அந்தப் பிராணி சமையலறைக்குள் பாய்ந்து, குக்கரைத் தாண்டி, இட்லிமாவுப் பாத்திரத்தில் தலைகுப்புற விழுந்தது. எழுந்தபோது நெற்றியிலிருந்து மூக்குவரை வெள்ளையாக ஒரு கோடு. மேடை நெடுக வெள்ளைக் காலடிகள். நான் அடைக்க மறந்திருந்த சமையலறை ஜன்னல் வழியாக வெளியேறி, சப்போட்டா மரத்தின் கிளையில் போய் உட்கார்ந்து, எங்கள் பக்கம் திரும்பியது.

ஆன்ட்டி நாற்காலியிலிருந்து இறங்கி ஜன்னல் அருகே வந்தார். மரத்திலிருந்து அது, நடு நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு, அவரைப் பார்த்தது.

"புனுகு பெக்கு ரீ," என்றார் ஆன்ட்டி அங்கிளிடம், குரலைத் தாழ்த்தி. புனுகுப்பூனை. கை தானாகக் குவிந்தது. "பெருமாளுக்கு சாத்தறாங்களே, அந்தப் புனுகு. அதான் இந்த வாசனை. நம்ம வீட்டுக்கு வந்திருக்கு."

செவ்வாய்க்கிழமை முதல் தலைப்பால் மூடப்பட்டிருந்த மூக்கு இப்போது முழுதாகத் திறந்திருந்தது. அவர் மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

நான் அதற்குள் போனில் தேடியிருந்தேன். மரத்தில் இருந்தது மரநாய். ஓட்டுவீடுகளில் பகலெல்லாம் தூங்கும், பழம் தின்னும். அது விடும் வாசனை பாஸ்மதி வேகும் வாசனை மாதிரியே இருக்கும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. பெருமாளுக்குப் போகும் புனுகைக் கொடுப்பது வேறொரு பூனை. அதன் வாசனையும் வேறு.

ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பொண்ணு. சொல்லும்மா. அதுதானே?"

என் வீடு அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. பொய் சொல்லவும் எனக்கு வராது. போனில் இருந்ததை மறுபடி படித்தேன். இரண்டு பிராணிகளும் விலங்கியல்படி ஒரே குடும்பம்.

"அந்தக் குடும்பம்தான் ஆன்ட்டி," என்றேன்.

ஆன்ட்டி என் கன்னத்தைத் தொட்டார். மேடையில் ஊன்றியிருந்த அவர் கையில் இட்லிமாவு இருந்தது. உன்னைப் போய் சந்தேகப்பட்டேனே என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். விஷயம் அதோடு நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அங்கிள் இன்னும் ஸ்டூல்மேலேயே நின்றுகொண்டு, கழன்ற பலகைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ பிரியாணி நிஜமாவே இல்லையா?" என்றார்.

ஆன்ட்டி மெதுவாகத் திரும்பினார். "ஏன்ரீ, எந்த பிரியாணி?"

அந்த விசாரணை கீழ்வீட்டில் நடந்தது. எனக்கு அதில் பங்கில்லை. மேடையைத் துடைத்துக்கொண்டே கேட்டதில், டிபன் டப்பா என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப மேலே வந்தது. காட்டுயிர் மீட்பவர்களின் எண் ஒன்றைப் பிடித்துப் பேசினேன். பிடிக்க வேண்டாம், துரத்த வேண்டாம், அது பாட்டுக்கு வரும், போகும் என்று சொல்லிவிட்டார்கள். ஆன்ட்டியிடம் சொன்னேன். துரத்துவதா என்று அவர் என்னைத்தான் முறைத்தார்.

இப்போதைய நிலவரம் இது. அக்ரிமென்ட் புதுப்பிக்கப்பட்டுவிட்டது, நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். பலகையைத் திரும்ப அடித்தாயிற்று, மரநாய் வந்துபோக ஓட்டுப் பக்கம் இடைவெளி விட்டிருக்கிறது. ஆன்ட்டி வெள்ளிக்கிழமைகளில் மரத்தடியில் ஒரு சப்போட்டா வைக்கிறார், விருந்தாளிகளை மாடிக்கு அழைத்துவந்து முகரச் சொல்கிறார். எந்தப் பூனை என்று அவர் மறுபடி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மா பாஸ்மதி விஷயத்தை இன்னும் மன்னிக்கவில்லை. அங்கிள் தொட்டியைப் பார்க்க மாடிக்கு வருவதில்லை. வாசனை தினமும் சாயங்காலம் வருகிறது, நான் தயிர்சாதம் சாப்பிடுகிறேன்.