எலிமிச்சம்பயம்

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் வீடியோ காலில் வந்தாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் எலுமிச்சம்பழம். பின்னால் புது ஓவன் பளபளத்துக்கொண்டிருந்தது.

"அத்தே, லெமன் கேக் செய்யுறேன். தோலு எவ்ளோ துருவணும்? அம்மாவக் கேட்டா சிரிக்குது. உன்னக் கேக்கச் சொல்லுது."

மஞ்சளை மட்டும் துருவு, வெள்ளை பட்டால் கசக்கும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அண்ணி ஏன் சிரித்தாள் என்று எனக்குத் தெரியும். அது சிரிக்கிற விஷயமாக ஆவதற்கு முன்னால், ஒரு நாள் முழுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தொண்டையில் தண்ணீர்கூட இறங்கவில்லை.

எலுமிச்சம்பழம் என்று எவ்வளவு அழகாக எழுதுகிறேன் பாருங்கள். எங்கள் அம்மா வாயில் அது எலிமிச்சம்பயம். வாழைப்பழம் வாயப்பயம், கோழி கோயி, கிழவி கெயவி. திருவொற்றியூர்க் கடற்கரையில் எங்கள் குப்பத்தில் 'ழ'வுக்கு வேலையே கிடையாது. ராயபுரத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பில் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் நான் அதைப் பழகினேன். சேர்ந்த புதிதில் வாயப்பயம் என்று ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவிட, ஆபீஸே சிரித்தது. அன்றிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே நாக்கை மடக்கி மடக்கிப் பார்ப்பேன். பக்கத்தில் நின்றவர்கள் எனக்குப் பல்வலி என்று நினைத்திருப்பார்கள். காலையில் அம்மாவின் கூடைக்கு மீனைத் தரம் பிரித்துக் கொடுத்துவிட்டு, எலுமிச்சை மூடியை உள்ளங்கையில் தேய்த்துக் கழுவிய பிறகுதான் கிளம்புவேன். நாற்றம் போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். போயிருக்காது.

இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டிய காலம் அது. குப்பத்தில் ஒருத்தர் கையிலும் செல்போன் இல்லை. விசைப்படகில் கடலுக்குப் போகிற என் அண்ணன், ஒரு நாள் காலையில் மாலையும் கழுத்துமாக ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். கும்பகோணம் பக்கத்துப் பெண். ஊரைவிட்டு வரும்வரை கடலைப் படத்தில் மட்டும் பார்த்தவள். ராயபுரத்தில் பேக்கரி வைத்திருந்த மாமா வீட்டில் தங்கியிருந்தாள். படகுக்கு பன்னும் ரஸ்க்கும் வாங்கப் போன அண்ணன், ரஸ்க் தீராமலேயே அடிக்கடி போயிருக்கிறான். கல்யாணத்தன்றே மாமா, இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார். ஊரிலும் யாரும் சேர்க்கவில்லை. ஆக, அவளுக்குத் திரும்பிப் போக இடமில்லை. பெயர் தேன்மொழி. அந்தப் பெயரிலேயே எங்கள் வீட்டில் யாருக்கும் வராத எழுத்து.

அம்மா அவளை விரட்டவில்லை. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சமைத்ததைத் தொடவில்லை. கடையில் இட்லி வாங்கித் தின்றாள். அண்ணி அடுக்களையில் இருந்தால் அம்மா அதன் வாசற்படியைத் தாண்டமாட்டாள். எதுவாக இருந்தாலும் என் வழியாகத்தான். "அவள தள்ளிக் குந்தச் சொல்லு." அண்ணி அரை முழ தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். என்ன பிழைப்பு இது என்று எனக்கே எரிச்சலாக வரும்.

"அத்தை என்கூட ஒரு வார்த்தை பேசிட்டா போதும். திட்டினாக்கூட சரி" என்பாள் அண்ணி. சாயங்காலங்களில் என்னிடம் எங்கள் பாஷையைக் கற்றுக்கொள்வாள். 'கோயி' என்று சொல்லிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஒருத்தி ழவைத் தொலைக்கவும் ஒருத்தி ழவைப் பிடிக்கவும் பாடுபட்டுக்கொண்டிருந்த வீடு அது.

கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் முதல் தடவையாகக் கடலுக்குப் போனான். போகும்போது, வருகிற அன்றைக்கு எலுமிச்சை கேக் செய்து வை என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறான். ஓவனுக்கு எங்கே போவது? பிரஷர் குக்கர்தான். உள்ளே மணல் பரப்பி, அதன்மேல் கேக் டப்பாவை வைத்து, விசிலும் ரப்பரும் இல்லாமல் மூடி வேகவைக்க வேண்டும். மணலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? அண்ணி ஒரு படி மணலை அலசி அலசி வெயிலில் காயவைத்திருந்தாள். சந்தையிலிருந்து நான் மூன்று பழம் வாங்கிக் கொடுத்தேன்.

அவன் வரவேண்டிய அன்று விடியும்போதே காற்று மாறிவிட்டது. கடல் சாம்பல் நிறத்தில் புரண்டது. மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் காசிமேட்டில் வந்து கட்டின. அண்ணன் போன படகைப் பற்றிக் கேட்டால் மட்டும் எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்கள். எனக்கு ஆபீசில் எதுவும் ஓடவில்லை. ஒரே பில்லை இரண்டு முறை அடித்து வைத்தேன். மத்தியானமே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தெருமுனையில் அம்மா எதிரே வந்தாள். தலை கலைந்திருந்தது. முகம் வெந்துபோயிருந்தது.

படகு தாமதமானால் எங்கள் குப்பத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, குங்குமம் தடவி, அலையில் இந்தப் பக்கம் ஒரு மூடி அந்தப் பக்கம் ஒரு மூடி எறிந்து அம்மனைக் கூப்பிடுவார்கள். அன்று காலையிலிருந்து எல்லாரும் வாங்கி வாங்கிக் கடைகளில் பழமே இல்லை. அம்மா வீட்டுக்குத் தேடி வந்திருக்கிறாள்.

"உங்கண்ணி கையில பயம் கீதான்னு கேட்டேன்" என்றாள். "இல்லன்னுட்டா. அவ பின்னாலியே தட்டுல ரெண்டு பயம் குந்திகினு கீது. வூடெல்லாம் பயத்து வாசன. புருசன் உசுருக்கு ஒரு பயம் குடுக்க மனசு வர்ல, கேக்கு சுடுறா. அவன் வரட்டும். வந்தாலும் சரி, வராங்காட்டியும் சரி, இவ என் வூட்ல இருக்கக் கூடாது."

என் பதிலுக்கு நிற்காமல் கரைப்பக்கம் நடந்துவிட்டாள். அண்ணி அப்படிச் செய்பவள் இல்லை. ஆனால் அம்மா பொய் சொல்பவளும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் எலுமிச்சை வாசனை மூக்கைத் துளைத்தது. குக்கரிலிருந்து மெல்ல ஆவி வந்துகொண்டிருந்தது. அண்ணி அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அத்தை என்கிட்ட பேசினாங்க" என்றாள். "அவங்களாவே வாசல்ல வந்து நின்னு, பயம் கீதான்னு கேட்டாங்க. எனக்கு உள்ளுக்குள்ள உதறிக்கிட்டுதான் இருக்கு. ஆனா கடலுக்குப் போறவர் பொண்டாட்டி பயந்தா அவங்களுக்குப் பிடிக்காதில்ல? இல்லங்க அத்தை, பயமே இல்லன்னு தைரியமா சொல்லிட்டேன்."

வாயப்பயத்தையும் கோயியையும் சொல்லிக் கொடுத்த மடச்சி, வெறும் பயத்தைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டிருந்தேன். அதிலும் அன்றைக்கு அந்தக் குப்பத்தில் அந்த வார்த்தை வேறு எப்படிக் காதில் விழும்?

"அண்ணி, அவங்க கேட்டது பயம் இல்ல. பழம்" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் ழ சொன்னதே இல்லை.

அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு தட்டைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பழத்தையும் வாரிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். அடுப்பை அணைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

கரையில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அம்மா தள்ளி, தனியாக. அண்ணி நேராக அவள் முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினாள். மூச்சு வாங்கியது.

"பழம் இருக்கு அத்தை. எனக்கு வேற மாதிரி காதுல விழுந்துடுச்சு. நான் பயமா இருக்கான்னு கேட்டீங்கன்னு…" அழுதுவிட்டாள். "அதுவும் இருக்கு அத்தை. இல்லன்னு சொன்னது பொய்."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். காற்று மணலை வாரி அடித்தது. கடலைப் பார்ப்பதா, அம்மா முகத்தைப் பார்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அம்மா இடுப்பிலிருந்து மீன் வெட்டும் கத்தியை எடுத்து ஒரு பழத்தை இரண்டாக வெட்டினாள். குங்குமம் தடவி, ஒரு மூடியை அண்ணி கையில் வைத்தாள்.

"எறி, தேன்மொயி" என்றாள். "நல்லா தூரமா எறி."

வெளிச்சம் மங்குவதற்குள் சேதி வந்தது. இன்ஜின் நின்றுபோன அண்ணன் படகை எண்ணூருக்கு அப்பால் இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்துகொண்டிருந்தது. எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்தபோது உப்பில் உதடு வெடித்திருந்தது. குக்கர் அடி கருகி, கேக்கின் பாதி கரியாகியிருந்தது. அம்மா அடுக்களைக்குள் போய் உட்கார்ந்து, கருகியதைக் கத்தியால் சுரண்டித் தள்ளிவிட்டு, மேல் பாதியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். அண்ணி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"தோலு கசக்குது" என்றாள் அம்மா. இன்னொரு துண்டும் எடுத்தாள்.

அதற்குப் பிறகு அண்ணன் கடலுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும், அம்மா அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து "பயம் கீதா?" என்பாள். "கீது அத்தை" என்பாள் அண்ணி. எதைக் கேட்டாள், எதைச் சொன்னாள் என்று நாங்கள் யாரும் விசாரித்ததில்லை.

இப்போது அந்த வீடு இல்லை. கடல் தெருவைத் தின்றுவிட்டது. அந்த இடத்தில் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அந்த அடுக்களை எந்தக் கல்லுக்குக் கீழே என்று எனக்குத் தெரியாது. அண்ணன் கடலை விட்டுவிட்டுக் காட்டுப்பள்ளியில் ஒரு கப்பல் கட்டும் யார்டில் வேலை பார்க்கிறான். காலடிப்பேட்டையில் வாடகை வீடு. அண்ணி பேசினால் கும்பகோணத்துக்காரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். வார்த்தைக்கு வார்த்தை கீதும் இன்னாவும்தான். அவள் மகளுக்கோ எலிமிச்சம்பயம் லெமன்.

அம்மாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கூட இருந்தது அண்ணிதான். ஒரு ராத்திரி, விடிந்தால் ஆபரேஷன். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அண்ணி குனிந்து, "பயம் கீதா அத்தே?" என்று கேட்டாள். அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"கீதுடி, தேன்மொயி" என்றாள். "ஒண்ணே ஒண்ணு."

அண்ணி வாசல் கடைக்குப் போய் ஒரு பழம் வாங்கி வந்து அம்மாவின் தலையணைக்கு அடியில் வைத்தாள். காலையில் ஆபரேஷனுக்குப் போன அம்மா திரும்பவில்லை. நாங்கள் அந்தப் படுக்கையைக் காலி செய்தபோது, தலையணையைத் தூக்கியது நான்தான். பழம் அங்கேயே இருந்தது.