அப்பா எடுத்த ஏழாவது படம்

அப்பா மறைந்த முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே! எங்கள் அப்பாவை நினைத்து அழுதது போதும். சிரிப்பதற்கும் அவர் நிறைய வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்த அப்பா, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். கொழுந்து பறித்து அவரை வளர்த்துப் படிக்க வைத்தவர் அவருடைய அக்கா, எங்கள் அத்தை. பின்னர் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தார். எதையும் கழற்றிப் பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. திரும்ப மாட்டும்போது ஓர் ஆணியாவது மிஞ்சும் என்பது அம்மாவின் குற்றச்சாட்டு.

எழுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதுளையில் பழைய சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவரிடம், சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன மடிப்புக் கெமராவைக் கண்டார்.

“இது வேலை செய்யுமா நானா?”

“வேலை செஞ்சா எங்கிட்ட ஏன் வருது தம்பி?”

அந்த நேர்மைக்காகவே கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து வாங்கி வந்துவிட்டார். அம்மா சும்மா விடுவாரா? “மணி பாக்க வழியில்லாத மனுசன் படம் புடிக்கப் போறாராம்!”

முதல் பிலிம் முழுவதும் வெள்ளைக் கோடுகள். துருத்திபோல மடியும் கெமராத் தோலில் ஓட்டை விழுந்து வெளிச்சம் புகுந்திருந்தது. பட்டப்பகலில் கம்பளியைத் தலையோடு போர்த்துக்கொண்டு, கெமராவுக்குள் டோர்ச் அடித்து அப்பா ஓட்டைகளைத் தேடினார். பழைய குடைத்துணியை வெட்டிச் சைக்கிள் டியூப் பசையால் ஒட்டினார். அதன்பின் தோட்டத்தில் எந்தக் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் அப்பாதான். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. ஒரு படம் எடுத்ததும் பிலிமைக் கையால் சுற்றிவிட வேண்டும்.

இரு நாட்டுக் குடியுரிமை ஒப்பந்தப்படி அத்தை குடும்பத்துக்கு இந்தியா போக உத்தரவு வந்தபோது அப்பா இடிந்துபோனார். அக்காவின் முகமாவது தம்மிடம் இருக்க வேண்டுமென்று தவித்தார். பிலிம் குதிரைக்கொம்பாக இருந்த காலம். எட்டுப் படத்தில் கடைசி இரண்டைப் பத்திரப்படுத்தினார். புறப்படும் காலையில் லயத்து வாசலில் அத்தை குடும்பத்தை நிறுத்தி ஒன்று எடுத்தார். அவர்களுக்கு அனுப்ப, அதே இடத்தில் எங்களை நிறுத்தினார். அதற்குள் மாமா கத்தத் தொடங்கிவிட்டார். “ராகு காலம் வரப்போவுது, வெரசா வாங்க!”

அந்தப் பதற்றத்தில் அப்பா பிலிமைச் சுற்றாமலே எங்களையும் எடுத்துவிட்டார்.

படம் கழுவி வந்தபோது அத்தை கடல் கடந்திருந்தார். ஏழாவது படத்தில் இரண்டு குடும்பமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. எட்டாவது வெறுமை. மாமாவின் மீசை என் முகத்தில்! அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மாதான் படத்தைப் பார்த்து முதலில் சிரித்தார்.

“ஏங்க, மதினி எங்க போயிட்டாங்க? எந்தோள்லதான சாஞ்சிருக்காங்க.”

பிரதி ஒன்றை அத்தைக்கு அனுப்பினோம். பதில் வந்தது. “தம்பி, கப்பல் ஏறுனதுலருந்து நான் சிரிக்கல. இந்தப் படத்தப் பாத்துத்தான் சிரிச்சேன்.” அன்று அப்பா அழுதார், பிறகு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அப்பாவின் கடைசி நாட்களில் மருத்துவமனையில் துணையிருந்தோருக்கும், பந்தல் போட்ட லயத்துச் சகோதரர்களுக்கும், செய்தி கேட்டதும் பதுளையிலிருந்து ஓடிவந்த நானாவின் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அந்தப் படத்தை எதிர்ப்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். அதில் அப்பாவைத் தேட வேண்டாம். நாங்கள் அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறோம்.