காந்தத்தில் ஒட்டாத துருவல்

என் சம்பந்தியின் காந்தம் ஒரு பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியது. அதைச் சாரத்துணியில் சுற்றி வைத்திருப்பார். தகட்டில் துளை போட்டு முடித்ததும் அதை ஓரங்களிலும் மூலைகளிலும் மெதுவாக ஓட்டுவார். இரும்புத் துருவல்கள் வந்து ஒட்டிக் காந்தத்துக்குக் கறுப்புத் தாடி முளைத்துவிடும். பிறகு குப்பைத் தொட்டிக்கு மேலே பிடித்துத் துணியை மட்டும் உருவுவார். தாடி மொத்தமாக உதிரும். "பாத்தீங்களா சம்பந்தி, நம்ம சவரக்கடை!" என்று வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை அடக்க வேண்டும் என்று நான் பல வருடங்கள் காத்திருந்தேன். அடக்கியும் விட்டேன்.

அவர் மலேசியாவில், குளுவாங் ஊரில் இருக்கிறார். என் மகளின் மாமனார். செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஜொகூர் பாருவில், பெர்மாஸ் ஜெயாவாசி. பொறியியல் படித்து, மின்னணுத் தொழிற்சாலையில் மேலாளராக இருந்தவன். எங்களுக்குள் பகை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பார்த்தால் கைகூப்புவோம், பொங்கலுக்குச் சீர் தட்டு போகும், வரும். பகை என் பக்கம் மட்டும் இருந்தது. கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கி நின்றுபோனபோது நான் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் பார்க்க அவர் என் கையிலிருந்த திருப்புளியை வாங்கிக்கொண்டு, "சார், கொஞ்சம் தள்ளுங்க லா. இது புஸ்தகத்துல இருக்காது" என்றார். மண்டபமே சிரித்தது. மணக்கோலத்தில் நின்ற என் மகளும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை நான் மறந்திருப்பேன். அவள் சிரித்ததை மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் வீட்டில் எது பழுதானாலும் "மாமா பாத்துக்குவாரு" என்பாள். முப்பது வருடம் இயந்திரங்களோடு வாழ்ந்த தகப்பனை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மகள் அப்போது கல்யாணக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுக்கும் தொழிலை வீட்டிலிருந்தே நடத்தினாள். குளுவாங் வெயிலில் அவளுடைய கணினி சூடேறி அடிக்கடி அணைந்துபோகும். "பெட்டியில பக்கத்துல ஒன்னு, மேல ஒன்னு ஓட்டை போட்டுக் காத்தாடி மாட்டிட்டா பறக்கும்" என்றார் சம்பந்தி. நானும் போனேன். தகட்டில் வட்டம் வெட்டும் புது பிளேடு ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போய் நிற்க மனம் வரவில்லை.

உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகைகளைக் கழற்றிவிட்டுத்தான் பெட்டியை வெட்ட வேண்டும். ஆனால் மகள் அன்று மாலைக்குள் ஒரு வேலையை முடித்தாக வேண்டும். "கழட்டி மாட்ட ஒரு நாள் ஓடிடும். மூடி வச்சே வெட்டிடலாம்" என்று சம்பந்தி ஈரத்துண்டை உள்ளே விரித்து டேப் ஒட்டினார். தவறு என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் மறுபடி புஸ்தகம் என்பார்.

பக்கத் தகடு கீச்சிட்டுக்கொண்டு வெட்டுப்பட்டது. மேல் தகட்டில் டிரில் சத்தமே இல்லாமல் இறங்கியது. "அலமாக்! வெண்ணெய் மாதிரி போவுது. சம்பந்தி வாங்கியாந்த பிளேடுன்னா சும்மாவா?" என்றார். அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. பிளேடுக்கு அதில் பெருமை இல்லை. பக்கத் தகடு இரும்பு. மேல் தகடு அலுமினியம். இரண்டுக்கும் ஒரே கறுப்புச் சாயம் அடித்திருந்ததால் பார்வைக்கு ஒன்றாகத் தெரியும். ஆலையில் வாழ்நாளெல்லாம் இரும்பையே அறுத்தவருக்குச் சந்தேகம் வரவில்லை.

துண்டை உருவியபோது ஏதோ சிதறியது. அவர் காந்தத்தை ஓட்டினார். தாடி முளைத்தது, சவரமும் ஆனது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தவன் நான். அந்த நேரத்தில் மகள் எட்டிப் பார்த்து, "ஆயிடுச்சா மாமா? நீங்க கை வச்சா சரியாத்தான் இருக்கும்" என்றாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"எனக்குக் கண்ணு மங்கல் சம்பந்தி. நீங்க ஒருதரம் பாத்துடுங்க" என்று டார்ச்சை என்னிடம் நீட்டினார் அவர்.

குனிந்து பார்த்தேன். பலகையின் ஓரத்தில், வெட்டிப்போட்ட நகத்துண்டு போல, ஒரு வெள்ளைச் சுருள் மினுங்கியது. விரலால் எடுத்திருக்கலாம். "சுத்தமா இருக்கு" என்றேன்.

சில நாள் கணினி ஓடியது. பிறகு ஒரு காலையில் புகைந்தது. பலகையோடு சேமிப்பு வட்டும் போயிற்று. யோங் பெங் ஊர்க் குடும்பம் ஒன்றின் கல்யாணம் முழுவதும் அதற்குள் இருந்தது. மகள் அதற்கு வேறு நகல் எடுத்திருக்கவில்லை. பெட்டியைக் கழற்றிய கடைக்காரர், பலகையில் மின்சாரத்தைக் குறுக்கே பாயவிட்ட அந்தச் சுருளைக் காட்டினாராம். சம்பந்தி மகளோடு யோங் பெங் போய், அந்த வீட்டு வாசலில் கைகூப்பி, "என் கையால வந்த தப்பு" என்று சொல்லியிருக்கிறார். நான் பார்த்துச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் தொலைபேசியில் அழுதுகொண்டே இதையெல்லாம் சொன்னாள். நான் ஆறுதல் சொன்னேன். வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. அவர் தலைகுனிந்து நின்ற காட்சியை மனத்தில் ஓட்டி ஓட்டிப் பார்த்து, இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கினேன்.

மகளின் தொழில் அதோடு நின்றது. பெயர் கெட்டபின் யாரும் அவளிடம் கல்யாணத்தை ஒப்படைக்கவில்லை. சிங்கப்பூரில் அலுவலக வேலை தேடிக்கொண்டு, கணவனோடு ஜொகூர் பாருவுக்கே வந்துவிட்டாள். விடியுமுன் எழுந்து சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடக்கும் கூட்டத்தில் அவளும் ஒருத்தியானாள். பக்கத்திலேயே வந்துவிட்டாளே என்று அதையும் என் வெற்றியில் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு தீபாவளிக்கு எல்லாரும் குளுவாங்கில் இருந்தோம். சோறாக்கும் சட்டியின் பிளக் கழன்றிருந்தது. இரண்டு திருகு முடுக்கினால் தீரும் வேலை. மகள் வழக்கம்போல் "மாமா" என்று நீட்டினாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "வேற யாருகிட்டயாவது குடும்மா. என் கை சரியில்ல." அடி வாங்கப் போகும் பிள்ளை கையை ஒளிப்பதுபோல் இருந்தது. நான் விரும்பியது அவர் ஒருமுறை தலைகுனிய வேண்டும் என்பது. இது அதைவிடப் பெரிதாக இருந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மேலும் சில தீபாவளிகள் அப்படியே போயின.

முதுகுக்குப் பின்னால் போன அந்தக் கைகளை இனிமேலும் பொறுக்க முடியாமல், இந்த வருடம் தனியாகப் பேருந்தேறிக் குளுவாங் போனேன். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேல் தகடு அலுமினியம் என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கு நான் கேட்டப்ப, அது உங்க கண்ணுல பட்டுச்சா?"

"பட்டது."

தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப என் கையில கோளாறு இல்ல" என்றார், என்னிடம் அல்ல, தனக்குத்தானே. நான் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் அப்புறம். போனை எடுங்க. மருமவளுக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நீங்க சொல்றத நான் கேக்கணும்." அவர் குரலில் அதுவரை நான் கேட்டிராத கடினம் இருந்தது. அது என் பகையின் குரல்தான். இத்தனை காலம் நான் உள்ளுக்குள் வைத்திருந்த குரல்.

மகள் எடுத்தாள். "என்னப்பா, இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?" சொன்னேன். கல்யாணத்தில் அவர் திருப்புளியை வாங்கியது முதல் நான் டார்ச்சில் பார்த்தது வரை, எதையும் பூசி மெழுகாமல். முடித்ததும் அவள் கேட்டாள்:

"மாமா அங்க இருக்காரா?"

"இருக்காரு."

"போனை அவருகிட்ட குடுங்க."

கொடுத்தேன். அவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எழுந்து எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அழாத கண்ணு. ஆமா, நல்லாத்தான் இருக்கு. ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பேசி முடித்ததும் போனை நாற்காலிமேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வீட்டுக்குள் போனார். நான் செருப்பை மாட்டினேன். சம்பந்தி வீட்டுக்குப் போனவனைச் சாப்பிட்டுக் கை நனைக்காமல் எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் அனுப்பமாட்டார்கள். அன்று யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை.