பிரஷ்யாக்காரருக்கு இஞ்சி விற்றவன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விசா இல்லாமல் பாரிசுக்கு வந்து, நாலு வருடம் ஒரு ரெஸ்ரோறண்டின் நிலவறையில் கோப்பை கழுவினேன். கோப்பை கழுவிக்கொண்டே பிரெஞ்சு பிடித்தேன். லாச்சப்பலில் மரக்கறிக் கடை போட்டபோது, ஆறு மாதத்தில் பூட்டுவான் என்றார்கள். கடை இன்றும் திறந்திருக்கிறது. கூசேன்வில்லில் வீடு கட்டினேன்; சீமெந்து குழைத்ததும் இந்தக் கைதான். தம்பிமார் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஆளாக்கினேன். இவ்வளவுக்கும் மேலாக, என் கையெழுத்தே நேராக வராத நான், நாற்பது பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒன்றைத் தொடங்கினேன். படிப்பித்தவர்கள் வேறு. மேரியில், அதுதான் நகரசபையில், நின்று மண்டபம் கேட்டு வாங்கியவனும், வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடித்தவனும் நான்.

2009 வைகாசிக்குப் பிறகு அந்த வகுப்பு சரிந்தது.

போர் முடிந்த விதம் எல்லாருக்கும் தெரியும், நான் எழுதத் தேவையில்லை. போருக்குள் அகப்பட்டிருந்த என் அக்காவின் தொலைபேசி மாசியிலேயே நின்றுவிட்டது. நாங்கள் தெருவில் நின்று கத்தினோம், பிறகு கத்தவும் முடியாமல் வேலைக்குத் திரும்பினோம். புரட்டாதியில் வகுப்பைத் திறந்தால் ஏழு பிள்ளைகள் வந்திருந்தன. மண்டபத்துக்குப் பொறுப்பான பெண், நத்தார்ப் பண்டிகைக்குள் பதினைந்து பிள்ளையாவது இல்லையென்றால் மண்டபம் வேறு ஆட்களுக்குப் போகும் என்று சொல்லிவிட்டாள்.

கடைக்கு வருகிற பெற்றோரிடம் கெஞ்சினேன். வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற ஒரு தகப்பன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அண்ணை, ஆரோடை கதைக்கிறதுக்கு இனித் தமிழ்? அங்கை ஆர் மிச்சம்? பிள்ளை கணக்கைப் படிக்கட்டும்."

எதற்கும் பதில் வைத்திருக்கிற நான் அன்றைக்கு வெண்டிக்காயை நிறுத்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமைகளில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வருவார். பக்கத்து ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்தடியில் தனியே குடியிருந்தார், நெஞ்சுச் சளிக்கு இஞ்சி வாங்குவார். அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். எங்களுடைய நாடு இல்லாமல் போய்விட்டது என்றேன். என்னுடையதும்தான் என்றார். நீங்கள் பிரெஞ்சுக்காரர் இல்லையா என்று கேட்டேன்.

"நான் பிரஷ்யாவில் பிறந்தவன்."

அது எங்கே இருக்கிறது என்றேன். எங்கும் இல்லை என்றார். பெரிய அரசாம், பெரிய படையாம். ஒரு காலத்தில் பாரிசையே சுற்றி வளைத்துப் பட்டினி போட்ட படையாம். இரண்டாம் உலகப் போரில் வென்றவர்கள், பிரஷ்யா என்ற அரசு இனிக் கிடையாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்களாம். இவர் சிறுபிள்ளையாக இருந்தபோது, உறைந்து கிடந்த கடற்கரை ஏரியின் மேலாகத் தாய் இவரைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தப்பியிருக்கிறாள். அவர் பிறந்த ஊருக்கு இப்போது ரஷ்யப் பெயர்.

"ஆனால் நீங்கள் இருக்கிறீர்களே" என்றேன்.

"இருக்கிறேன். அதில் இன்னொரு பாதி உண்டு, கேள்" என்று அவர் தொடங்க, சாமான் வாங்க வந்த ஒருத்தி வாழைப்பூவைத் தூக்கிக் காட்டி விலை கேட்டாள். நான் அவளிடம் போய்விட்டேன். கடைக்காரன் புத்தி. திரும்பி வர அவர் போய்விட்டார். எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது என்ற நினைப்பு வேறு.

அந்த ஞாயிறு பெற்றோரை மண்டபத்துக்குக் கூப்பிட்டேன். இருபது பேர் வந்தார்கள். எழும்பி நின்று முழங்கினேன். பிரஷ்யா என்று ஒரு நாடு, ஒரு தாளில் அழித்தார்கள், சனம் அழிந்ததா? இல்லை! பிரஷ்யாக்காரர் ஒருவர் கிழமைக்குக் கிழமை என்னிடம் இஞ்சி வாங்குகிறார்! சிலர் கை தட்டினார்கள். ஒரு தாய் கண்ணைத் துடைத்தாள்.

பின்வரிசையில் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் இருந்தார். பிரெஞ்சு அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பேத்தியைச் சேர்க்க வந்தவர். மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அசல் பிரஷ்ய ஜனம் வேற. அவங்களுக்குன்னு தனி பாஷை இருந்துச்சு. ஜெர்மன் இல்ல. சிலுவை போட்ட படைவீரருங்க வந்து அவங்களை அடிச்சு, நிலத்தைப் புடிச்சு, கடைசில அவங்க பேரையும் எடுத்துக்கிட்டாங்க. அந்தப் பாஷை செத்து முந்நூறு வருஷம் இருக்கும்."

"அப்ப இஞ்சி வாங்கிறவர் ஆர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பேரை எடுத்துக்கிட்டவங்க வம்சமா இருக்கும்."

ஒருவன் சிரித்தான். "நல்ல ஆளைத்தான் அண்ணை எங்களுக்கு உதாரணம் காட்டினியள்!" பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அந்த வருடம் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்; அதுவும் என்னைப் பார்த்து. கண் துடைத்த தாய் பிள்ளைக்குக் கோட்டைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த வியாழன் கிழவரைப் பிடித்துச் சண்டைக்குப் போனேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை?

"சொல்லத் தொடங்கினேன். நீ வாழைப்பூ விற்கப் போனாய்" என்றார்.

அன்று ஒருவருக்கும் நிறுக்காமல் நின்று கேட்டேன். அந்தப் பழைய சனத்தின் பாஷையில் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. அந்தச் சனத்தை ஆண்ட பிரபுவே, அவர்கள் வேதம் படிக்கட்டும் என்று ஒரு பக்கம் ஜெர்மனும் மறுபக்கம் அவர்களுடைய பாஷையுமாகப் புத்தகம் அச்சடித்தாராம். புத்தகம் இன்றும் இருக்கிறது. வாய் இல்லை. ஆட்கள் எல்லாரும் வெட்டுப்பட்டா செத்தார்கள் என்று கேட்டேன்.

"கொஞ்சப் பேர் வெட்டுப்பட்டார்கள், கொஞ்சப் பேர் கொள்ளை நோயில். மிச்சப் பேர் சாகவில்லை. பிள்ளைகளோடு ஜெர்மனில் பேசத் தொடங்கினார்கள். என் உடம்பிலும் அவர்களுடைய இரத்தம் இருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

அன்றைக்கு நான் கடையை நேரத்தோடு பூட்டினேன். என் அக்கா போன செய்தி வந்தபோதுகூடப் பூட்டாத கடை.

மார்கழி முதல் ஞாயிறு திரும்பவும் கூப்பிட்டேன். ஒன்பது பேர்தான் வந்தார்கள். பாண்டிச்சேரிக்காரரும் வந்திருந்தார்.

"போனமுறை நான் பிழையாச் சொன்னன்" என்றேன். என் வாழ்க்கையில் சபையில் நின்று அப்படிச் சொன்னது அந்த ஒரு தரம்தான். "அந்தப் பழைய பிரஷ்யச் சனம் முடிஞ்சுது. அரசு போனதாலை மட்டும் இல்லை. வீட்டுக்குள்ளை தங்கடை பாஷையை நிப்பாட்டிப் போட்டினம். எங்களுக்கும் அதுதான் நடக்கப் போகுது. எனக்குப் பயமாக் கிடக்கு."

கண் துடைத்த அந்தத் தாய் கேட்டாள்: "முந்தி ஆசை காட்டினியள். இப்ப வெருட்டுறியளோ அண்ணை?"

"ஓம், வெருட்டுறன். வேறை ஒண்டும் என்னட்டை இல்லை, பிள்ளை."

அவள் மகளின் கோட்டைக் கழற்றினாள். "எங்கடை வீட்டிலை ஏற்கெனவே பிரெஞ்சுதான். நான் தமிழிலை கேக்க, இவள் பிரெஞ்சிலை சொல்லுறாள்" என்றாள். மகளை விட்டுவிட்டுப் போனாள். பாண்டிச்சேரிக்காரரும் பேத்தியைச் சேர்த்தார்.

எல்லாமாக ஆறு பிள்ளைகள்தான். மண்டபம் போய்விட்டது. என் கடையின் நிலவறையில், அரிசி மூட்டைகளை ஒதுக்கி, பிள்ளைகள் இருக்க வாங்கு போட்டேன். ஆசிரியை ஒருத்தி பாரிசுக்கு வெளியே பொண்டி என்ற ஊரிலிருந்து ரயில் ஏறி வருவாள். சில ஞாயிறுகளில் இரண்டு பிள்ளைதான் வரும். ஒரு ஞாயிறு ஒரு பிள்ளையும் வரவில்லை. ஆசிரியை குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு, "பூட்டுவமோ அண்ணை?" என்றாள். இருவரும் பன்னிரண்டு மணி வரையும் சும்மா இருந்துவிட்டுத்தான் ஏறி வந்தோம். இரண்டு மாரிகாலம் அப்படிப் போனது. பிறகு, 2011இல், பிள்ளைகள் கூடி, வகுப்பு பொண்டிக்கு மாறி, படித்த ஆட்கள் நிர்வாகத்துக்கு வந்தார்கள். நல்ல விஷயம். கிழவர் அதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது ஆண்டு மலர் போடுகிறார்கள். வரலாறு என்று ஒரு பக்கம் அச்சுக்குப் போக முன் என் கைக்கு வந்தது. '2011இல் பெற்றோர் சிலரின் முயற்சியால் இவ்வகுப்பு உருவானது' என்று தொடங்குகிறது. செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஐயா, அதுக்கு முந்திப் பதிவு ஒண்டும் இல்லை. நிலவறையிலை நடந்ததை வகுப்பு எண்டு எப்பிடி எழுதிறது?"

"இருந்து படிச்ச பிள்ளையளைக் கேள், தம்பி."

"அவையளுக்கும் பெரிசா ஞாபகம் இல்லையாம்."

என் பேரப்பிள்ளைகள் என்னோடு பிரெஞ்சில்தான் பேசுகிறார்கள். இந்த மலரை அவர்கள் எழுத்துக்கூட்டி வாசிப்பார்களோ தெரியாது. அந்த வகுப்பு இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்றும் தெரியாது. ஆனால் 2009 புரட்டாதியிலிருந்து 2011 வரை அதை மூடவிடாமல் வைத்திருந்தவன் நான். பெற்றோர் சிலர் அல்ல, நான். முதல் வரியைத் திருத்துங்கள். என் முழுப் பெயரையும் போடுங்கள். படம் கேட்டாலும் தருவேன்.