வெள்ளியங்கிரி அடித்த களைக்கொத்து

என் தங்கை சௌந்திரத்தின் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரிக்குப் பரமத்தி ரோட்டில் கோழித்தீவன மில் இருக்கிறது. மில்லுக்குப் பின்னால் நாலு ஏக்கர் தோட்டம். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டுச் சிவனேயென்று படுத்துத் தூங்க வேண்டியதுதானே? இவர் தோட்டத்துச் சாளைக் கொட்டகைக்குப் போய் உலை மூட்டி இரும்படிப்பார். எட்டு வருஷமாக இதே கூத்து.

செல்போனில் யாரோ கத்தி அடிப்பதைப் பார்த்துப் பிடித்த பைத்தியம் அது. இரும்பை வைத்து அடிக்கிற பட்டடைக்கு என்ன செய்தார் தெரியுமா? திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ஒரு ரிக் வண்டிக்காரரிடம் கெஞ்சி, தேய்ந்துபோன ஹேமர் பிஸ்டன் ஒன்றை வாங்கி வந்து வேப்பமரத் துண்டில் நட்டுக்கொண்டார். நான் லாரிப் பட்டறை வைத்திருப்பவன். என்னிடம் உடைந்த ஸ்பிரிங் பட்டைகள் மலைபோலக் கிடக்கும். வாரம் ஒருமுறை வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுத்தியலால் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார். கணீரென்று கேட்டால்தான் எடுப்பார். சத்தம் அடைத்துக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறதாம். என் ஆட்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன், தங்கை புருஷன் ஆயிற்றே. வீட்டுக்கு வந்து சிரிப்பேன்.

ஆள் கிடைத்தால் போதும், பாடம் ஆரம்பித்துவிடும். கரி என்றால் தேங்காய்க் கொட்டாங்குச்சிக் கரிதான், ஊதுவதற்குப் பழைய ஹேர் டிரையரே போதும். சூட்டைக் கண்ணால் மட்டும் நம்பாதே, காந்தத்தைக் காட்டு, ஒட்டாமல் போனால் இன்னும் கொஞ்சம் காய்ச்சி உடனே முக்கு. லாரிப் பட்டையைத் தண்ணீரில் முக்கினால் கீறல் விடும், கடலையெண்ணெயை லேசாகச் சுடவைத்து அதில் முக்கு. பாலியஸ்டர் லுங்கியோடு உலைப் பக்கம் போகாதே. கண்ணாடி போடாமல் சாணை பிடிக்காதே. துத்தநாகம் பூசின ஜி.ஐ. பைப்பை உலையில் வைக்கவே வைக்காதே. கடைசியில் சொன்னது மட்டும் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருமுறை அந்தப் புகையை இழுத்துவிட்டு ராத்திரியெல்லாம் குளிர்காய்ச்சலில் நடுங்கினார். டெங்குதான் என்று சௌந்திரம் ரத்தப் பரிசோதனைவரை போய்விட்டாள்.

கை தேறிவிட்டது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் அடித்த கத்திகள் அவ்வளவு அழகு. சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். ஒரு வீட்டில் ஷோகேஸில் இருக்கிறது, ஒரு வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. எனக்குக் கொடுத்தது பீரோவில் துணிக்கடியில் கிடக்கிறது. என் மனைவி காய் நறுக்குவது சந்தையில் வாங்கின முப்பது ரூபாய்க் கத்தியில். இது அவருக்குத் தெரியும். ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு அன்றைக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

போகும்போது வாசலில் நின்று, "மச்சான், நான் அடிச்ச சாமானத்துல ஒண்ணாவது தேயோணும். தேஞ்சு பாக்கோணும்னு ஆசையா இருக்குது" என்றார். கோடீஸ்வரனாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவனைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஓர் ஆசையை அன்றுதான் கேட்டேன்.

போன கார்த்திகையில் அவர் கடலைக்காட்டுக்குக் களை வெட்ட ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாரி. அவருக்கு இடதுகைப் பழக்கம். கடையில் விற்கிற களைக்கொத்தெல்லாம் வலதுகைக்காரர்களுக்கு வாகாக வளைத்தவை, பொழுது சாய்வதற்குள் மணிக்கட்டு வீங்கிவிடுகிறது என்று சௌந்திரத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வெள்ளியங்கிரி காதில் விழுந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே இடதுகைக்கு ஏற்ற மாதிரி ஒன்று அடித்தார். கண்ணாடிபோலத் தேய்த்து, தேக்கில் பிடி போட்டு, பிடியில் தன் பெயரின் முதல் எழுத்தையும் வெட்டினார். மாரி அதைக் கையில் வாங்கவில்லை. இரும்பைக் கைக்குக் கை மாற்றினால் பகை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தரையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் அதே களைக்கொத்து திரும்பி வந்தது. அதன் வெட்டுவாயில் மூன்று இடத்தில் பல் பெயர்ந்திருந்தது.

"பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க. கல்லுல பட்டாப் பேந்துக்குதுங்க. கனமும் சாஸ்தி, பொழுதுக்கும் வெட்டுனாத் தோளு உட்டுப்போவுதுங்க" என்றார் மாரி.

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். மனிதர் சுருண்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ பெயர்ந்த வாயை விரலால் தடவியபடி என்னைப் பார்த்து, "எட்டு வருசத்துல கொறை சொன்னது இந்தம்மாதான் மொத ஆளு மச்சான்" என்றார். குறை சொல்ல வேண்டுமென்றால் முதலில் அதைக்கொண்டு வேலை செய்திருக்க வேண்டுமல்லவா. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

தப்பு அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கத்திக்கு வைக்கிற பதத்தைக் களைக்கொத்துக்கு வைத்திருக்கிறார். முக்கி எடுத்த இரும்பைத் திரும்பவும் மெல்லக் காய்ச்சும்போது நிறம் ஏறிக்கொண்டே போகும். கத்தி என்றால் வைக்கோல் நிறத்திலேயே நிறுத்திவிடலாம். சரளைக்கல்லோடு மோதுகிற சாமானுக்கு அது ஊதாவும் தாண்டி நீலத்துக்குப் போக வேண்டும். கடினம் கொஞ்சம் குறைந்தாலும் பெயராது. ஷோகேஸுக்கே அடித்துப் பழகின கை, வழக்கமாக நிறுத்துகிற இடத்திலேயே நிறுத்திவிட்டது.

மறுநாள் மில்லைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, வரப்பில் உட்கார்ந்து மாரியின் மணிக்கட்டையே அரைநாள் பார்த்துக்கொண்டிருந்தார். களை வெட்டுகிற பெண்கள் முதலாளிக்கு என்ன ஆயிற்று என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். சௌந்திரத்துக்கு மானம் போயிற்று. அவர் அசையவில்லை. இரண்டாவது கொத்தை மெல்லிசாக அடித்தார். தேக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, கனமில்லாத நுணாக் கட்டையில் பிடி போட்டார். பாலீஷ் இல்லை, எழுத்தும் இல்லை. உலையிலிருந்து வந்த கறுப்போடு அப்படியே கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பத்து நாள் ஒரு சேதியும் இல்லை. மாரியின் ஆட்கள் வேறு காட்டுக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை என் பட்டறைக்கு வந்தால் பட்டையைத் தட்டிப் பார்ப்பதில்லை, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். இதுவும் ஏதோ ஒரு பரண்மேல் ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்றால், பீரோவில் கிடக்கிற கத்தி என் வாயை அடைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாங்கள் மில் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மாரி வேலை முடிந்து நேராக வந்தார். முகம் அழுததுபோல் இருந்தது. கை வெறுங்கை.

"களவு போயிருச்சுங்க. மத்தியானம் சோறு உங்கையில வரப்புல வெச்சிருந்தனுங்க. திரும்பிப் பாத்தாக் காணோமுங்க. நீங்க பாடுபட்டு அடிச்சுக் குடுத்தது, இப்பிடிப் பண்ணிப்போட்டனுங்க" என்றார்.

மாப்பிள்ளை டீ டம்ளரைக் கீழே வைத்தார். அங்கே வேறு என்னவெல்லாம் இருந்தது என்று கேட்டார்.

"பதனோரு கொத்து கெடந்துச்சுங்க. எல்லாம் கடையில வாங்குனது. பிரவீனாப் புள்ளையோட புது செல்போனுகூடத் துண்டுமேல கெடந்துச்சுங்க. அதையெல்லாந் தொடலீங்க. இதை மட்டுந்தானுங்க எடுத்துட்டுப் போயிருக்கறாங்க."

மாப்பிள்ளை முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நம்பவில்லை போலிருக்கிறது என்று பயந்துபோன மாரி, கொத்து இருந்த இடம் இது, செல்போன் கிடந்த இடம் இது என்று தரையில் காட்டிக் காட்டிச் சொன்னார். நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். என் தங்கை கழுத்தில் தாலி கட்டிய அன்றுகூட அந்த மனிதர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.